மூடி போட்ட டிபன் பாக்ஸ்

கஸ்தூரி மேடம் போய்விட்டார் என்று போன் வந்தபோது, கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். நம்பவில்லை. சொன்னவனைத் திட்டவும் செய்தேன். கேட் திறந்து, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் அழுகை வந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைக்கு அவர் மேனேஜர், நான் ஷிப்ட் இன்சார்ஜ். தலைக்கு மேல் வேலை அவருக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் மொய்த்தால், போனைக் காலி டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடிவிடுவார். பிறகு ஒரே கேள்வி: "எத்த இப்ப வுட்டா ஆளுக்கு அடிபடும்? அத்த மொதல்ல சொல்லுங்க."

ஒரு மழைநாள். அனுப்பிய லோடு திரும்பி வந்திருந்தது. வாடிக்கையாளர் ஆபீஸில் கொதித்துக்கொண்டிருந்தார். முதலாளி விடாமல் போன் அடித்தார். ஆளுக்கொரு பக்கம் நாங்கள் கத்த, மேடம் பாக்ஸை மூடிவிட்டுக் கேள்வியைக் கேட்டார்.

கிரேன் ஓட்டும் முனுசாமி பின்னாலிருந்து சொன்னார்: "பிரேக்கு வழுக்குது மேடம். பயமா கீது."

உலையில் இரும்பு உருகித் தயாராக இருந்தது; அதைக் கொப்பரையில் தூக்கிப்போய் ஊற்றுவது அந்தக் கிரேன்தான். ஊற்றாவிட்டால் உள்ளேயே இறுகி உலை பாழாகும். நான் பதறினேன்.

"ஒல போனா கட்டிக்கலாம் சேகர். எல்லாரையும் வெளிய அனுப்பு."

பாக்ஸுக்குள் முதலாளியின் அழைப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசி ஆள் வெளியேறும்வரை மேடம் அங்கேயே நின்றார். பிறகு தள்ளி நின்று, கிரேனின் வெறும் கொக்கியை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். அது நிற்காமல் சரசரவென்று இறங்கித் தரையில் மோதியது. நாங்கள் வழக்கமாக நிற்கும் இடம் அது.

அப்புறம் டீ குடிக்கும்போது மேடம், "எனக்கும் பேஜாராத்தான்பா இருக்கு. எல்லாத்தையும் புடிச்சிக்கினு நிக்க முடியுமா?" என்றார்.

ரயில்வே கேட்டிலிருந்து நேராக வேப்பம்பட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலைலேர்ந்தே நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா. ஆஸ்பத்திரிக்கு வான்னா, ரெண்டு போன் பேசிட்டு வரேன்னா."

எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. எங்களையெல்லாம் கேட்ட கேள்வியை உங்களையும் ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா மேடம்?

மேடத்தின் தலைமாட்டில் அந்த போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போய் டிபன் பாக்ஸைத் தேடி எடுத்து வந்தேன். போனை உள்ளே போட்டு மூடினேன்.

இனி யார் கூப்பிட்டாலும் நீங்கள் எடுக்க வேண்டாம். போய் வாருங்கள்.