கப்பலுக்குப் போக வேண்டிய சீட்டு

மார்லிஸ் ட்வெட் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து வெட்டர்லிங் கவுண்டியில் யாரும் கண்டதில்லை. இருபத்தொரு வருடமாக அவள்தான் அந்த மாவட்டத்தின் கிளார்க், பதிவுகளுக்கும் தேர்தலுக்கும் தலைமை அதிகாரி. நிலப் பத்திரம், கல்யாண உரிமம், நாய் உரிமம் எல்லாம் அவள் மேஜைக்கு வரும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்க ஜனாதிபதியும் வருவார், ஆறாயிரம் வாக்குச்சீட்டுகளாக.

அவள் நடத்திய எந்த ஜனாதிபதித் தேர்தலையும் நீதிபதிகள் சும்மா விட்டதில்லை. ஒரு வருடம் எந்த அடையாள அட்டை செல்லும் என்பதை ஆகஸ்டில் மாற்றினார்கள். தொற்று வந்த வருடம், சீட்டுப் போடும் பெட்டியை வாசலில் வை என்று திங்கட்கிழமை உத்தரவு. எடு என்று புதன். திரும்ப வை என்று வெள்ளி. தூக்கித் தூக்கி அவள் புருஷன் குன்னருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "அடுத்த தடவ அந்த நீதிபதிங்கள வந்து ஒரு கை பிடிக்கச் சொல்லு" என்றான்.

இந்த வருடம் வம்பு ஒரு பெயரால் வந்தது. மூன்றாம் கட்சி வேட்பாளர் ஒருவர் ஜூலையில் போட்டியிலிருந்து விலகினார். பெயரைச் சீட்டிலிருந்து எடுங்கள் என்றார். முடியாது என்றது கீழ்நீதிமன்றம். அவர் பிரிக்கும் இரண்டாயிரம் ஓட்டில் மாநிலமே கைமாறும் என்பதால் இரண்டு பெரிய கட்சிகளின் வக்கீல்களும் உள்ளே குதித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் அவர் பெயரோடு சீட்டுகள் அச்சாகி மார்லிஸின் அறையில் அடுக்கப்பட்டுவிட்டன.

வெளிநாட்டில் இருக்கும் படைவீரர்களுக்குத் தேர்தலுக்கு நாற்பத்தைந்து நாள் முன்பே சீட்டு புறப்பட்டாக வேண்டும். அது வாஷிங்டன் போட்ட சட்டம். நாற்பத்தைந்தாம் நாள் சனிக்கிழமை. வெள்ளி காலை மாநிலத் தலைநகரிலிருந்து மின்னஞ்சல் வந்தது: தீர்ப்பு நண்பகலுக்குள் வரும், பொறுத்திருங்கள்.

காகிதச் சீட்டு கேட்டிருந்தவர்கள் ஏழு பேர். ஏழு உறைகளையும் தூரப்படி அடுக்கி வைத்திருந்தாள். மேலே இருந்தது கெண்ட்ரா ரஸ்க், பசிபிக்கில் ஒரு கப்பலில். போன தேர்தலில் கெண்ட்ராவின் சீட்டு கெடு முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது. பிரிக்காமலே 'தாமதம்' என்று முத்திரை குத்தியவள் மார்லிஸ். கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருந்த கெண்ட்ராவின் அம்மா மேவிஸிடம் போய்ச் சொன்னவளும் மார்லிஸ்தான்.

"அத்தன பெரிய கடலத் தாண்டி வந்துச்சு. உன் மேஜையத் தாண்ட முடியல, இல்ல?" என்று கேட்டாள் மேவிஸ். நான்கு வருடமாக மார்லிஸ் அந்தக் கடைக்குக் குன்னரைத்தான் அனுப்பினாள்.

பன்னிரண்டு அடித்தது. மின்னஞ்சல் இல்லை. பன்னிரண்டரை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். ஒன்றரைக்குத் தபால் லாரி போய்விட்டால் பிறகு திங்கட்கிழமைதான்.

"கொஞ்சம் நில்லேன், எனக்குத் தல சுத்துது" என்றாள் உதவி கிளார்க் டெல்ஃபீன்.

"நண்பகல்னாங்க. நண்பகல் போயிடுச்சு."

"அவங்க கடிகாரம் வேற, மார்லிஸ்."

மார்லிஸ் உறைகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு தேர்தலிலும் இவற்றை அவளே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோவாள். கால்கள் யோசிக்காமல் போயின. போஸ்ட்மாஸ்டர் ஓரின் முத்திரை குத்திப் பையில் போட்டான். கையை உதறிக்கொண்டு திரும்பினால் வாசலில் டெல்ஃபீன், மூச்சு வாங்க.

"பேர எடுக்கணுமாம். தீர்ப்பு வந்துடுச்சு. பழைய சீட்டு ஒண்ணுகூட வெளியே போகக்கூடாதாம். வியாழக்கிழமை புதுசு வருதாம்."

"நாளைக்குக் கெடு?"

"வாஷிங்டன்கிட்ட விலக்கு கேக்குறாங்களாம்."

ஓரின் ஒரு படிவத்தை நீட்டினான். "அனுப்பினவங்க திருப்பிக் கேட்டா குடுக்கலாம். லாரி வர்றதுக்குள்ள முடிவு பண்ணு, தாயி. ஏறிடுச்சுன்னா என் கையில இல்ல."

விட்டுவிட்டால் கெடு காப்பாற்றப்படும், நீதிமன்றம் தடுத்த சீட்டு கடல் கடக்கும். எடுத்தால் ஆறு நாள் போகும். கப்பலுக்குத் தபால் போய்த் திரும்ப அந்த ஆறு நாள் வேண்டும். பதவியேற்றபோது நாட்டின் அரசியல் சட்டத்துக்கும் மாநிலத்தின் அரசியல் சட்டத்துக்கும் ஒரே மூச்சில் சத்தியம் செய்திருந்தாள். இரண்டும் இழுத்தால் எந்தப் பக்கம் போவது என்று அன்று யாரும் சொல்லவில்லை. வெளியே லாரி பின்னோக்கி வரும் ஒலி கேட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அங்கிருந்து நேரே கூட்டுறவுக் கடைக்குப் போனாள். மேவிஸ் நிமிரவில்லை.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். ஆனா ஒரு வழி இருக்கு. பேரே அச்சடிக்காத சீட்டு ஒண்ணு உண்டு. கப்பல்ல அதுக்குன்னு ஒரு அதிகாரி இருப்பாரு, அவர்கிட்ட கேட்டா குடுப்பாரு. யாருக்குப் போடணுமோ அந்தப் பேர அவளே எழுதி இன்னைக்கே அனுப்பணும். உன் பொண்ணோட மின்னஞ்சல் முகவரி என்கிட்ட இல்ல."

"பேர் இல்லாத சீட்டா? ஒரு பேருக்காகத்தானே இவ்வளவு கூத்தும்?"

"ஆமா."

மேவிஸ் கைபேசியை எடுத்தாள். "நானே எழுதுறேன். நீ எழுதினா அவ திறக்க மாட்டா."

மற்ற ஆறு பேருக்கும் இதே வழியை அன்று மாலையே மார்லிஸ் எழுதினாள். வியாழனன்று புதுச் சீட்டுகள் வந்தன. ஏழு பேருக்கும் அன்றே அனுப்பினாள். அக்டோபரில் ஆறு திரும்பி வந்தன. கெண்ட்ராவிடமிருந்து ஒன்றும் இல்லை. தினமும் தபால் வரும் நேரத்துக்கு முன்பே மார்லிஸ் படியில் நின்றாள். தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கடற்படை முத்திரையோடு ஓர் உறை வந்தது. உள்ளே கையால் எழுதிய சீட்டு.

ஓட்டு எண்ணும் எந்திரம் கையெழுத்தைப் படிக்காது. இருவர் சேர்ந்து அதை அச்சுச் சீட்டில் பார்த்து எழுத வேண்டும், ஒருவர் வாசிக்க ஒருவர் குறிக்க. ஓட்டுப் போட்டவர் பெயர் தெரியாதபடி உறையைத் தனியே எடுத்துவிடுவார்கள். ஆனால் வந்த கையெழுத்துச் சீட்டே ஒன்றுதான். டெல்ஃபீன் தாழ்ந்த குரலில் வாசித்தாள். மார்லிஸ் வட்டங்களைக் கறுப்பாக்கினாள். தங்களுக்குத் தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்ட கூச்சத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அடுத்த கட்டைப் பிரித்தார்கள்.

தேர்தலுக்கு மறுநாள் காலை மார்லிஸ் கடைக்குப் போனாள்.

"எண்ணினியா?" என்றாள் மேவிஸ்.

"எண்ணினோம்."

மேவிஸ் கல்லாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "யாருக்குப் போட்டா?"

"அவளையே கேளு."

"கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா, கழுத. சீட்டு ரகசியமாம், சட்டமாம். எனக்கே பாடம் எடுக்குறா."

மார்லிஸ் சிரிக்க வாயெடுத்தபோது கைபேசி அடித்தது. தலைநகர். மாநிலம் முழுக்க வித்தியாசம் நானூறு ஓட்டுதான், மறுஎண்ணிக்கை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள், சீட்டுகள் எதையும் நகர்த்த வேண்டாம் என்றார்கள். கையால் எழுதி வந்தவற்றைத் தனியே வைக்கச் சொன்னார்கள். அவை செல்லுமா என்பதை நீதிமன்றம் பார்க்குமாம்.

"யாரு?" என்றாள் மேவிஸ்.

மார்லிஸ் ஏற்கெனவே கதவருகே இருந்தாள்.