ஒரே அடுப்பும் ஏழு தையல் மிஷின்களும்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்துப் பெண்களை முன்னேற்றுவதென்று அரசாங்கம் முடிவு செய்தது. முன்னேற்றுகிற வேலை என்னிடம் வந்தது. ஆறு மாதம் தையல் பயிற்சி, முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு மிஷின், அதை வைத்து அவர்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நான் பணியாற்றிய திட்டங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். அதனாலேயோ என்னவோ, இதற்குத்தான் விதிகள் அதிகம்.

முதல் விதி, மிஷின் பயனாளியின் வீட்டில் இருக்க வேண்டும் என்பது. இதை எழுதியவர் ராயபுரத்து வீட்டைப் பார்த்ததில்லை. பயிற்சி முடித்த ஏழு பெண்களும் கூடிப் பேசி, வியாபாரம் நின்று மூடிக்கிடந்த ஒரு விறகுத்தொட்டியின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, எல்லா மிஷின்களையும் அங்கே போட்டுவிட்டார்கள்.

"வூட்ல மிஷின வெச்சா புருசன வெளிய வெக்கணும் சார்," என்றாள் ஒருத்தி.

"வெச்சா உனுக்கு இன்னா நஷ்டம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நஷ்டம் ஒண்ணும் இல்ல. திரும்பி வந்துடுவானே, அதான் பேஜாரு."

கொட்டகையில் வேலை நன்றாகவே நடந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காக்கி அரை டிராயர் தைத்தார்கள். ஒருத்தி துணி வெட்டுவாள், ஒருத்தி பை தைப்பாள், ஒருத்தி பட்டன் வைப்பாள். வெட்டுகிறவளைக் கட்டிங் அக்கா என்பார்கள். புருஷன் இல்லாதவள். முன்பு மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவள். மிஷின் போனால் அவளுக்கு மறுபடி கூடைதான். அதைச் சுமக்க முழங்கால்தான் இல்லை.

இந்த நேரத்தில் தலைமை அலுவலகத்து அதிகாரி சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. வீட்டில் இல்லாத மிஷினைக் கையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர். நான் விதிகளைப் புரட்டினேன். வீடு என்றால் என்ன என்று அதிலேயே சொல்லியிருந்தது: பயனாளி சமைத்துச் சாப்பிடும் இடம். உடனே கொட்டகைக்குப் போய், அதிகாரி வருகிற அன்று எல்லோரும் இங்கேயே சமையுங்கள் என்றேன்.

சமைத்தார்கள். ஆளுக்கொரு அடுப்பு மூட்டுவார்கள் என்று நான் நினைத்தது என் படிப்பின் கோளாறு. ஒரு வேளைச் சோற்றுக்கு ஏழு அடுப்பு மூட்ட அவர்களுக்கென்ன பைத்தியமா? மாதா கோயில் திருவிழாவுக்குச் சமைக்கிற, கோயில் பெயர் வெட்டிய அண்டாவை இரவல் வாங்கிவந்திருந்தார்கள். ஒரே அடுப்பில், அதில் சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அதிகாரி உள்ளே வந்தார். மிஷின்களைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். அவரும் விதிகளைப் படித்தவர்.

"ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம். குடும்பத்துக்கு ஒரு மிஷின்தான். மீதி ஆறையும் எடுத்துக்கொள்கிறோம். குடும்பத் தலைவி யார்?"

கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று கட்டிங் அக்கா, "நாந்தான்," என்றாள்.

பை தைப்பவள் எழுந்துவிட்டாள். "இன்னாது? நீ எனுக்குத் தலைவியா? டிராயரு வெட்டிக் குடுத்தா தலைவி ஆயிடுவியா?"

"நீ தெக்கிற பையில ஒரு பீடிக்கட்டு நிக்குமாடி?"

மற்றவர்களும் கட்சி பிரிந்து சேர்ந்துகொண்டார்கள். தெருவே கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டது.

"பாருங்கள் ஐயா, இது ஒரே குடும்பமா?" என்றேன்.

"ஒரே குடும்பத்தில்தான் ஐயா இப்படி நடக்கும்," என்றார் அதிகாரி. அனுபவஸ்தர்.

மதியச் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டிருந்தது. சோறு தயாராக இருக்கும்போது வந்தவன் விரோதியே ஆனாலும் சாப்பிடாமல் அனுப்புவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. கட்டிங் அக்கா சண்டையை நிறுத்தாமலே ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி நீட்டினாள்.

"மிஷின அப்பால தூக்கு நைனா. மொதல்ல துன்னு."

அதிகாரி முதலில் மறுத்தார். இரண்டாவது தட்டை மறுக்கவில்லை. மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.

அவர் கை கழுவும்போது பணிவாகச் சொன்னேன்: "ஒரே அடுப்பில் சாப்பிட்டதால் ஐயாவும் இப்போது இந்தக் குடும்பம். பயனாளியின் குடும்பத்தார் சோதனை செய்யக் கூடாதென்று விதி இருக்கிறது."

ஈரக் கையோடு நின்று யோசித்தார். பிறகு அண்டாவைக் காட்டி, "இது திருவிழா அண்டாதானே? அப்படியானால் இது விருந்து. விருந்தில் சாப்பிட்டவர்கள் குடும்பமாக மாட்டார்கள்," என்றார்.

"அப்படியென்றால் இவர்கள் ஏழு குடும்பம்."

"ஏழுதான். அதில் என்ன சந்தேகம்?"

விருந்து என்றால் கொட்டகையும் வீடாகாது. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது என் பணிகளில் சேராது.

வெறும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவரைக் கட்டிங் அக்கா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"உனுக்கு ஒரு டிராயரு வெட்டவா நைனா? இப்ப துன்னதுக்கும் சேத்து, இடுப்புல ரெண்டு இஞ்சு வுட்டு வெட்றேன்."