தாடை வரை தண்ணீர்

தேயிலைத் தோட்டத்துத் துரைசானி, ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட இரண்டு ஆமைக்குஞ்சுகளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். மலையில் மழையும் குளிரும் தொடங்கிவிட்டதாம், கீழே பண்ணைப்புரத்தில் வெயில் உண்டாம், தை வரைக்கும் உயிரோடு வைத்திருந்தால் போதுமாம். அவர் அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? கூடையை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மலையேறிவிட்டார்.

ஆமை படியேறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது என் மாமியாரின் முடிவு. அதைவிட, அவை என் கையில் வந்ததுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. முந்தின வருஷம் எனக்குப் பிறந்த குழந்தை, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அன்று முதல் என் கை ராசியில்லாத கை. விதை நெல்லைத் தொடவிட மாட்டார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனாருக்கு நான் தண்ணீர் கொண்டுபோனால்கூட அத்தை எழுந்து வந்து செம்பை வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கம், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். வைக்கிறவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும். யார் வைப்பது என்று பேச்சு வந்தபோதெல்லாம் என்னை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பினார்கள். இந்தக் குஞ்சுகளும் செத்தால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் என்னை விடாது என்று எனக்குத் தெரியும்.

அதனால் தொழுவத்து மூலையில் வைத்து, வீம்புக்கே வளர்த்தேன். வெயில் ஏறியதும் வெந்நீரில் பச்சைத்தண்ணீர் கலந்து, கைக்குழந்தைக்குப் பார்ப்பது போல முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பேன். மண்சட்டியில் அவற்றின் தாடை வரைதான் தண்ணீர், அதற்குமேல் கூடாது என்பது துரைசானியின் உத்தரவு. கழுத்தை நீட்டிக் குடிக்கும், அதிலேயே கழிக்கும். எடுத்துத் துடைத்து வெயிலில் விடுவேன். பிறகு அருகம்புல், முருங்கைக் கொழுந்து, பொடியாக நறுக்கிய பூசணி இலை. அவை தின்பதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வயலிலிருந்து வந்தபோது இரண்டு ஓடுகளும் பளபளவென்று மின்னின. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட நாத்தனார், பச்சைப்பிள்ளைகளுக்குச் செய்வது போல இவற்றுக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகையும் காட்டியிருக்கிறாள். பாசத்தில்தான் செய்தாள். மறுநாள் ஒன்று கண்ணே திறக்கவில்லை. மூக்கில் நுரை கட்டியிருந்தது.

நாத்தனார் அழுதுவிட்டாள். வயிறு இறங்கி, இன்றோ நாளையோ என்று இருந்தாள்.

"ஆத்தாகிட்டச் சொல்லிராதீக மதினி" என்றாள்.

சொல்லவில்லை. அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஆச்சா" என்று மட்டும் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்கள் மகள் செய்த வேலை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த வயிற்றை நினைத்து விழுங்கினேன்.

பாசிப்பயற்று மாவைக் கரைத்துத் தேய்த்து ஓட்டிலிருந்த எண்ணெயைப் போக்கினேன். துணியின் நுனியைத் திரித்து மூக்கைத் துடைத்தேன். நாளெல்லாம் சட்டியில் வைப்பதும் எடுத்து வெயில் காட்டுவதுமாக இருந்தேன். தலை தண்ணீருக்குள் தொங்கிவிடாமல் அதன் தாடைக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பிடித்திருப்பேன். மற்றது பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கவும் எனக்குக் கோபமாக வந்தது.

நாத்தனாருக்கு வலி கண்ட காலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மருத்துவச்சி உள்ளே போனாள், கதவைச் சாத்தினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நாத்தனார் கத்துவது தொழுவம் வரை கேட்டது. உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் அதையும் என் தலையில்தான் கட்டுவார்கள். அதைவிட, அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்தேன். கை சும்மா இருக்க முடியாமல் ஒரு பூசணிப்பூவைக் கிள்ளி ஆமையின் மூக்கருகே மிதக்கவிட்டேன். ஒரு கண் திறந்தது. கழுத்து மெல்ல நீண்டது. மஞ்சள் இதழில் ஒரு கடி. அதை விழுங்கியும் விட்டது.

உள்ளே கத்தல் நிற்கவில்லை. தண்ணீர் ஆறிப்போனதும் வேறு மாற்றி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் பிள்ளை அழுதது.

அத்தை தொழுவத்துக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்தார். பூவில் பாதி இல்லை.

"எண்ணெ தேச்சது தாந்தான்னு வலியோட வலியா சொல்லிட்டா. நீ ஏன் வாயத் தொறக்கல?"

நான் துணி நுனியால் ஆமையின் மூக்கைத் துடைத்தேன்.

"சேனைய மதினிதான் வைக்கணும்னு அடம்பிடிக்கிறா. கையக் கழுவிட்டுப் போ."

நாத்தனார் கேட்டதே போதும் என்று எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் எனக்கு அது அத்தையின் வாயிலிருந்தே வரவேண்டியிருந்தது.

"ஒங்களுக்குச் சம்மதமா அத்த?"

ஆமையை வீட்டுப் படியேற்றாத அத்தை, சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். என் விரலை மெல்ல விலக்கிவிட்டு, அந்தத் தாடைக்கு அடியில் தன் விரலைக் கொடுத்தார்.

"நீ போ, பிள்ள காத்துக் கெடக்கு. இத நான் பிடிச்சுக்கிறேன்" என்றார்.