இரண்டு மடிப்பு வைத்த பேண்ட்

எனக்குக் கோட்டு எடுக்கப் பெண் வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். வாங்கிக் கொடுக்கிறவர் பெண்ணின் அப்பா ஒருவர். மீதி ஆறு பேர் எதற்கு என்பது எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணச் சேலையும் தலைக்குப் போடும் நெட்டும் மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாப்பிள்ளையின் கோட்டு, பேண்ட், ஷூ எல்லாம் பெண் வீட்டார் எடுப்பது. மே மாதத் திண்டுக்கல் வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்பது மனிதன் செய்கிற காரியமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கோட்டைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கவலையெல்லாம் பேண்ட்.

அதற்கு நாலு வருடம் முன்பு, ஒரு வியாழக்கிழமை, அய்யலூர் சந்தையிலிருந்து ஆடு ஏற்றிக்கொண்டு வந்த வண்டி எனக்கு முன்னால் சட்டென்று நின்றது. என் பைக் நிற்கவில்லை. எலும்பு கூடிவிட்டது, நரம்பு தேறவில்லை. இடது தொடையும் கெண்டைக்காலும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போயின. சமதரையில் நடந்தால் யாருக்கும் தெரியாது. படி ஏறினால் லேசாகத் தெரியும்; அதற்காகவே செல்போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் படி ஏறும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். வகுப்புக்குத் தொளதொளப் பேண்ட், விசேஷத்துக்கு வேட்டி. ஊரை ஏமாற்ற அது போதுமாக இருந்தது.

காலைப் பற்றி முன்கூட்டியே சொன்ன இரண்டு சம்பந்தங்கள் சொன்ன வாரமே கைவிட்டுப் போயின. ஜாதகமே பார்க்காத குடும்பங்கள், "ஏதோ சரியா அமையல" என்று சொல்லி அனுப்பின. மூன்றாவது வந்தபோது என் அம்மா, "கேட்டாச் சொல்லுவோம். கேக்காதத நாமளா எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றாள். யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் வேலை. ஒருமுறை பார்த்து, நாலைந்து முறை போனில் பேசியதிலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் தைரியமாகச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஏழு பேரும் என்னை முதலில் ஒரு ரெடிமேட் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பெண்ணின் தம்பி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவன். செல்போன் நிறையக் கோட்டுப் போட்டோக்களோடு வந்திருந்தான். எல்லாப் போட்டோவிலும் மாப்பிள்ளைகளின் கால்கள் உறை போட்ட குடை மாதிரி இருந்தன.

"மச்சான், இப்ப எல்லாரும் கால ஒட்டிப் பிடிக்கிற நேரோ பேண்ட்டுதான். ஒரு தடவ போட்டுப் பாருங்க."

"எனக்கு அதெல்லாம் வேணாம்ப்பா. லூசா இருந்தாத்தான் காத்தோட்டமா இருக்கும்."

"கல்யாணத்துக்கு எதுக்கு மச்சான் காத்தோட்டம்?" என்றான். ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகில் வேர்வை ஓடியது. கடைக்குள் ஏசி போட்டிருந்தார்கள்.

ரெடிமேட் எதையும் போட்டே பார்க்காமல், தோள் சரியில்லை, நிறம் சரியில்லை என்று ஆயிரம் நொட்டை சொன்னேன். கடைசியில் பெண்ணின் அப்பா, பூ விவசாயம் பண்ணுகிற மனிதர், காலையிலேயே மார்க்கெட்டுக்குப் பூப்போட்டுவிட்டு வந்த களைப்பில், "மாப்ளைக்குத் தச்சே குடுத்துருவோம். நாளைக்கு டெய்லர்கிட்டப் போவோம்" என்று முடித்துவைத்தார்.

தையல்காரரிடம் போவது இன்னும் பெரிய வம்பு. அந்தக் கடையில் ஒருவர் டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்லுவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். இடுப்பு முப்பத்தி நாலு, தொடை இருபத்தி ரெண்டு என்று தெருவுக்கே கேட்கும். என் தொடையை ஏழு பேர் முன்னால் ஏலம் விடுவார்கள். அன்று சாயங்காலமே தனியாக அந்தக் கடைக்குப் போனேன். டேப் பிடிக்கிறவர் நாற்பது வயதுக்காரர். துணி மறைப்புக்குப் பின்னால் நின்று பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே நான் அந்தக் காலைக் காட்டிய முதல் ஆள் அவர்தான்.

அவர் முகம் மாறவில்லை. "நாளைக்கு வலது காலு மட்டும் அளந்துக்கிறேன் சார். இடுப்புல ரெண்டு மடிப்பு வச்சு, நேரா லூசா எறக்கிட்டா ஒண்ணுந் தெரியாது" என்றார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் அவர் சொன்னபடியே செய்தார். தம்பி மட்டும், "ரெண்டு மடிப்பா? எங்க தாத்தா போட்டோவுல இருக்கு அந்தப் பேண்ட்டு" என்று முணுமுணுத்தான். நான் பிடிவாதமாக நின்றேன். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரைதான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று பூசையில் அறிவிப்பது. கால் வற்றியிருப்பது கோயில் சட்டப்படி தடையே இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் சாமியார் அந்த வரியை வாசித்தபோது எனக்குப் பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள், நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது ஓலை அன்று தலைவலி என்று சொல்லிப் பூசைக்கே போகவில்லை.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ட்ரையல் பார்க்க வரச்சொன்னார்கள். இந்த முறை தம்பியும், லீவு நாள் என்பதால் பெண்ணும் வந்திருந்தார்கள். தைத்ததை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனேன். கோட்டு தோளில் அழகாக உட்கார்ந்தது. பேண்டில் காலை நுழைத்தேன். மடிப்பே இல்லை. வலது கால் பிடித்த பிடியில் இருந்தது. இடது காலில் துணி தொடையிலிருந்து கணுக்கால்வரை காலியாக ஆடியது.

"எப்படி மச்சான், சர்ப்ரைஸ்?" என்று வெளியே தம்பியின் குரல். "நீங்க கூச்சப்படுறீங்கன்னு நான்தான் கடைக்குப் போன் பண்ணி நேரோவா மாத்தச் சொன்னேன். வெளிய வாங்க."

போனை எடுத்தவர் நோட்டு எழுதுகிறவர். பெண் வீட்டார்தான் தைக்கக் கொடுத்தவர்கள். அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டியதுதானே. அவருக்கு என் கதை தெரியாது. மாற்றி எழுதி வெட்டக் கொடுத்துவிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கழற்றிவிட்டு என் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு, அளவு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தபோது, "பிடிக்கலையா?" என்று அவள் மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். நான் எழுந்து வெளியே வந்தேன்.

தம்பி என் காலைப் பார்த்தான். பார்த்ததும் டேப் பிடிக்கிறவர் பக்கம் பாய்ந்தான். "என்னண்ணே தச்சிருக்கீங்க? ஒரு காலு சட்டையாட்டம் தொங்குது. கல்யாணத்துக்குப் பத்து நாளு இல்ல. தொழில் தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒரு விநாடிதான். பிறகு தலையைக் குனிந்து, "எங்க தப்புதான் தம்பி. வெட்டுறதுல மாறிப் போச்சு. பிரிச்சுத் தச்சுத் தாரேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னால், செத்த நேரம் சும்மாதான் இருந்தேன். தம்பி இன்னொரு வார்த்தை பேசினான், அவர் அதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு என்மேல் வந்த அருவருப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"அவரத் திட்டாத. தச்சது சரிதான். என் காலுதான் அப்படி" என்றேன்.

நான் நரம்பை, விபத்தை, வண்டியை, எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் உளறினேன். அவள் என் காலைப் பார்க்கவில்லை. தையல்காரரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"டெய்லர்கிட்டச் சொல்ல முடிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். தம்பி அவள் பின்னால் ஓடினான்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். ஒரு டீ வாங்கிக் குடிக்காமல் வைத்தேன். பிறகு பஸ் ஏறி அவர்கள் ஊருக்கே போனேன். அவளுடைய அப்பா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் வாசற்படியில் நின்றாள். உள்ளே போகவும் இல்லை, என்னை வா என்று சொல்லவும் இல்லை. நின்றபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை வரிசையாக. வேண்டாம் என்றால் நாளைக்கு ஓலையை நிறுத்திவிடலாம், சாமியாரிடம் நானே சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மொதல்லயே சொல்லிருக்கணும்" என்றார். பிறகு, "நான் ஒத்தை ஆளு முடிவு பண்றதில்ல" என்று மகளைப் பார்த்தார்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மண்டி போட முடியுமா?"

"முடியும். எந்திரிக்கத்தான் கஷ்டம். எதையாச்சும் பிடிச்சுக்கணும்."

"அப்ப மண்டி போடுற மாதிரி பேண்ட்டத் தைக்கச் சொல்லுங்க. நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது. மன்னிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்படும் தைரியம் எனக்கு வரவில்லை.

புதிதாகத் துணி எடுத்து, இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, இரண்டு மடிப்பு வைத்து அந்தப் பேண்டைத் தைத்தார்கள். அளவை ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்லச் சொன்னேன். கல்யாணம் வரை அவள் என்னோடு போனில் பேசவே இல்லை.

கல்யாணத்தன்று கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தேன். பீடத்துக்கு முன்னால் இருவரும் மண்டியிட்டோம். ஜெபம் நீண்டுகொண்டே போனது. எனக்கு முழங்கால் மரத்துப் போனது. பின்னால் முந்நூறு பேர். எழும்போது தடுமாறிவிடுவேனோ என்று பயந்தேன். அவள் நெட்டுக்குள்ளிருந்து, திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எந்திரிக்க முன்னாடி எங்கிட்டச் சொல்லணும்."

சாமியார் ஜெபத்தை முடித்தார். நான் "இப்ப" என்றேன். அவள் தன் முழங்கையை என் பக்கம் நீட்டினாள்.