வண்டியின் இன்னொரு முனை

லா சப்பல் மெத்ரோ நிலையத்தின் படிக்கட்டில் ஒரு குழந்தை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். பின்பக்கத்தைப் பிடித்திருப்பவர் குழந்தையின் அப்பா. தலையில் சிறிய வட்டத் தொப்பி வைத்த யூதர். மனைவி பக்கத்தில் வெறுங்கையோடு வர, அவர் என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார்.

மேலே நடைமேடைக்குப் போனதும் மனைவி வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பெஞ்சில் வைக்கிறார். அவர் கையை எடுத்த பிறகுதான் கணவர் அதை எடுத்துக் குடிக்கிறார்.

காய்கறிப் பையோடு வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அவர்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். "சண்டையா?" என்று அக்காவிடம் கேட்கிறேன்.

"இல்லை, தம்பி. எங்கடை கட்டிடத்திலதான் இருக்கினம். பிள்ளை பிறந்து மூண்டு கிழமை. அவையின்ரை சமயத்தில, துடக்கு, அதுதான் தீட்டு, கழிஞ்சு தாய் முழுகும்வரைக்கும் புருசன் தொடக்கூடாது. கைக்குக் கை சாமான் குடுக்கமாட்டினம். வண்டியையும் சேர்ந்து தூக்கமாட்டினம்."

எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "பாரிஸ்லயுமா? பிள்ளை பெத்த உடம்பு. தடுமாறி விழுந்தா?"

"விழுந்தால் பிடிப்பார். அதுக்குத்தானே பக்கத்திலயே நிக்கிறார். நீங்கள் பிள்ளை குட்டிக்காரரோ?"

"ஒரு பொண்ணு. மதுரையில, மாமியார் வீட்டுல பொறந்தா. அவளும் அவ அம்மாவும் அஞ்சு மாசம் அங்கதான் இருந்தாங்க. நான் வேலை பாக்குற ஊர்ல."

"நீங்கள் எத்தினை தரம் பார்க்கப் போனனீங்கள்?"

ரயில் வந்து நிற்கிறது. ஏறிக்கொள்கிறேன். போனது இரண்டு முறை. போகாதே, தொடாதே என்று என்னிடம் யாருமே சொல்லவில்லை.