சிமெண்டுத் தரையில் வெளுத்த குட்டிகள்

கார் நிக்கோபார் தீவில் நான் கால்நடைத் துறையில் ஸ்டாக்மேனாக, அதாவது டாக்டருக்கு உதவியாளனாக இருந்தபோது, மெயின்லேண்டிலிருந்து வந்த எங்கள் அதிகாரி பன்றிக் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டார். ஊர்ப் பன்றிகள் தென்னந்தோப்பில் மண்ணைக் கிளறித் திரிவது அவருக்கு அருவருப்பு. கப்பலில் வந்த அவருடைய வெள்ளைப் பன்றிகள் மட்டும் ஆஸ்பத்திரி நோயாளிகள்போல் கழுவிவிட்ட தரையில் படுத்திருந்தன.

முதல் ஈற்றில் பத்துக் குட்டிகள். மூன்றாவது வாரம் அவற்றின் காதுகள் மெழுகாக வெளுத்தன. நாலடி நடந்தால் மூச்சு வாங்கி விழுந்தன. ஆறு செத்தன.

“கடக்காத்து ஒத்துக்கல,” என்றார் அதிகாரி. பிறகு கூலியாட்களின் கை அழுக்கு என்றார். தினம் இரண்டு முறை பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார். இரண்டாவது ஈற்றுக் குட்டிகள் மிகச் சுத்தமாகச் செத்தன.

அவர் அலமாரியில் ஆராய்ச்சி இதழ்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. வேலையில்லாத ஒரு மத்தியானம் பிரித்துப் படித்தேன். தாய்ப்பன்றியின் பாலில் இரும்புச் சத்து குறைவு. மண்ணைக் கிளற வழியில்லாத குட்டிகளுக்கு ரத்தம் ஊறாது. அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தாயின் மடியில் தடவினால் பாலோடு உள்ளே போய்விடும். யாரோ பல வருஷம் முன்பே கண்டுபிடித்து எழுதிவைத்த விஷயம்.

கொண்டுபோய்க் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தொடவில்லை. “ஊசி எடுத்துக் குடுக்கறது உன் டூட்டி. படிக்கறது என் டூட்டி.”

அன்னபேதிக்கு எங்கே போவது? என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. லேடி டாக்டர் அவளுக்குக் கொடுத்த இரும்பு மாத்திரைகள் வீட்டில் அப்படியே இருந்தன. பிள்ளைக்குச் சூடு என்று தடுத்தவன் நான்தான். அவற்றில் கொஞ்சம் பொடித்து, வெல்லப்பாகில் குழைத்து, மூன்றாவது ஈற்றுக்குத் தினமும் மடியில் தடவினேன். வெளுக்கத் தொடங்கியிருந்த குட்டிகள் இரண்டு வாரத்தில் தேறி ஓடின.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். வெளிறிய உதடுகளோடு அவள் என்னைப் பார்த்தாள்.

“பன்னிக்குட்டிக்கு ரத்தம் ஊறினா நல்லது. எனக்கு ஊறினா சூடு. அப்படித்தானே?”

அதிகாரி படிக்காததால் மடையர். நான் படித்த பிறகும் மடையன்.

“மிச்சத்தை இங்க வைங்க. பன்னிக்கு வேணும்னா உங்க சர்க்கார்கிட்ட கேளுங்க,” என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

சில மாதம் கழித்து போர்ட் பிளேரிலிருந்து ஒரு மேலதிகாரி பண்ணையைப் பார்க்க வந்தார். கொழுத்த குட்டிகளைக் காட்டி, எங்கள் அதிகாரி தன்னுடைய இரும்பு வைத்தியத்தை அரைமணி நேரம் இங்கிலீஷில் விளக்கினார். மருந்தைக் குட்டிகளின் முதுகில் தடவ வேண்டும் என்றார். மேலதிகாரி அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.