அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

கிரேசிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. விசைப்படகுச் சங்கத்தின் அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் அவள் உட்கார்ந்த நேரத்தைவிட, அவள் எழுந்து ஓடிய வேகத்தில் அது தனியாகச் சுற்றிய நேரம்தான் அதிகம் என்று கரையில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், கோயிலை ஒட்டி ஒற்றை அறை. ஒரு மேசைக் கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவரில் மாதா படம். காற்று வருகிறது, கடல் கொந்தளிக்கிறது என்று செய்தி வந்தால் கிரேசி மைக்கில் வாசிப்பாள். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கி வழியாக அது ஊர் முழுக்கக் கேட்கும். சின்னப் பிள்ளைகள் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிடும்.

அவள் கடற்கரைக்காரி அல்ல. பிறந்தது திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். மீன் வேன் ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்த கிறிஸ்துதாஸ் மேல் ஆசைப்பட்டாள். கட்டிக்கொள்வதற்கு முன் அவனிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டாள், கடலுக்குப் போகக் கூடாது. அவனும் வாக்கைக் காப்பாற்றினான். இன்றைக்கும் குவைத்தில் வண்டிதான் ஓட்டுகிறான். ஆனால் மகன் அனீஷ் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. ஐ.டி.ஐ. படித்தவன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் 'சகாயமாதா' போட்டில் மெக்கானிக்காக ஏறிவிட்டான். வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கும் தங்கல் போட்டு அது. கடலுக்குப் போகாதவனாகப் பார்த்துக் கட்டியவளுக்குக் கடலுக்குப் போகிறவன் பிள்ளையாக வாய்த்தான்.

ஒக்கிப் புயலுக்குப் பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தது. ஒவ்வொரு போட்டிலும் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். போட்டு எங்கே நிற்கிறதோ, திரையில் இருக்கும் கடல் படத்தில் அங்கே ஒரு பச்சைப் புள்ளி தெரியும், பக்கத்தில் போட்டின் பெயரும். கடலிலிருந்தும் கரையிலிருந்தும் நாலு வார்த்தை சேதியும் அனுப்பலாம். சேதி வந்தால் டிங் என்று ஒரு சத்தம். மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் படித்த ஒரே மருமகள் கிரேசி என்பதால் அந்த வேலை அவளுக்கு வந்தது. அவளுக்குக் கொடுத்திருக்காவிட்டாலும் வாங்கியிருப்பாள்.

அவள் மாமியார் வியாகுலம்மாள் சாகும்வரை ஒன்றைக் கடைப்பிடித்தாள். ஆண்கள் கடலில் கிடக்கும்போது மாதா படத்து விளக்கை அணைக்க மாட்டாள். "கடல்ல ஆளு கிடக்கும்போ வெளக்க அணைக்கப்படாது மக்கா" என்று புது மருமகளிடம் முதல் வாரமே சொல்லிவிட்டாள். கரையில் பிறந்தவர்கள் இதையெல்லாம் இழுத்தால் நெகிழ்கிற மாதிரிதான் பிடித்திருப்பார்கள். வெளியிலிருந்து வந்தவளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. கிரேசி விளக்குக்குச் சொன்னதைக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பச்சைப் புள்ளிகளும் எரிகிறவைதானே! ஒருவன் கடலில் கிடந்தாலும் அதை அணைக்க விடமாட்டாள். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாரும் கரையேறிய பிறகுதான் அதற்கு ஓய்வு. கரண்டு போனால் அணைந்துவிடுகிறது என்று சங்கத்தில் சண்டை போட்டு ஒரு இன்வெர்ட்டரும் வாங்க வைத்தாள்.

அதன் பிறகுதான் அந்தப் பெட்டி வர ஆரம்பித்தது. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சாம்பல் பெட்டி. புதிய பதிப்பு வந்திருக்கிறது, அணைத்து மறுபடி போட்டால்தான் ஏறும், இப்போதா, பிறகா என்று கேட்கும். கிரேசி பிறகு என்பதை அமுக்குவாள். பெட்டி போகும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். கடல் படத்தில் அந்த மூலைதான் கன்னியாகுமரியும் நம் கரையும். பாழாய்ப்போன பெட்டி சரியாக ஊரின் மேலேயே வந்து உட்காரும். அதுகூடப் பரவாயில்லை. வரும்போது அதுவும் டிங் என்று சத்தம் போடும். சேதி வந்தாலும் அதே டிங்தான். கிரேசி வாசலில் நிற்பாள், டிங்; மகனோ என்று ஓடிவருவாள்; பெட்டி. குழாயடியில் நிற்பாள், டிங், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவருவாள், பெட்டி.

குளச்சலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷஹீரைக் கூப்பிட்டாள். அவன் வந்து தேவையில்லாததையெல்லாம் துடைத்தான், அறிவிப்பை நிறுத்தினான், சத்தத்தை அமர்த்தினான். இரண்டு நாள் ஊர் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் பெட்டி வந்தது, டிங்கோடு.

"அக்கா, இதுக்கு வேற மருந்து கெடையாது. ஒருக்கா அணைச்சுப் போடுங்க, அது ஏறிக்கிடும். அஞ்சு நிமிசம் ஜோலி."

"எல்லாவனும் கரையேறட்டும் தம்பி. அப்பம் அணைக்கலாம்."

"எல்லாவனும் எப்பம் அக்கா கரையேறுவான்?"

அவன் போனபின், புனித அந்தோணியார் ஒட்டுப்படம் ஒன்றை எடுத்துத் திரையின் அந்த மூலையில் ஒட்டினாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர், இந்தச் சனியனைக் காணாமல் போக்கவும் செய்வார் என்று ஒரு நம்பிக்கை. பெட்டி அவருக்குப் பின்னால் வந்து போனது. கிரேசிக்குக் கை பழகிவிட்டது. பார்க்காமலே சுட்டியை அவர் காலடிக்குக் கொண்டுபோய்ப் பிறகு என்பதை அமுக்கிவிடுவாள்.

டிசம்பர் பிறந்ததும் அரபிக்கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்தது. கிரேசி மைக்கில் வாசித்தாள். போட்டுகள் ஒவ்வொன்றாகத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குத் திரும்பத் தொடங்கின. 'சகாயமாதா' திரும்பவில்லை. லட்சத்தீவுக்கு இந்தப் பக்கம், திறந்த கடலில் அதன் புள்ளி நின்றது. காலையில் பார்த்தாள், அங்கேயே. சாயங்காலம் பார்த்தாள், அங்கேயே. மறுநாளும் அசையவில்லை. ஓடுகிற போட்டு அப்படி நிற்காது. இஞ்சின் நின்றுபோன போட்டுதான் நிற்கும், அதுவும் நிற்காது, காற்று அடித்துக்கொண்டு போகும். அப்படியென்றால்? அதற்குமேல் நினைக்க அவளுக்குத் துணிவில்லை. தகவல் சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் போன் போட்டாள், பார்க்கிறோம் என்றார்கள். சேதி தட்டி அனுப்பினாள், பதில் இல்லை.

அதே போட்டில் ரெனிஷாவின் புருஷனும் போயிருந்தான். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண். காலையிலிருந்து வாசலுக்கும் திரைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"எக்கா, நகந்துதா?"

"இல்ல மோளே."

"நீங்க சரியாப் பாருங்க எக்கா. ஒரு துளியாவது நகந்திருக்கும்."

கிரேசி திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "வந்துரு மக்கா, வந்துரு மக்கா" என்று வாய் முனகிக்கொண்டே இருந்தது. டிங் என்றது. இரண்டு பேரும் பாய்ந்தார்கள். அந்தோணியார் ஓரத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. கிரேசி பல்லைக் கடித்துக்கொண்டு பிறகு என்பதை அமுக்கினாள்.

முற்பகலில் மரியான் உள்ளே வந்தார். 'கடல்தாரகை' போட்டின் ஓட்டி, வயதில் மூத்தவர். முந்தின நாள் காலையிலேயே கரையேறி, குளித்து, தூங்கி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். காற்று எப்போது அடங்கும் என்று கேட்கத்தான் வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ஏட்டி கிரேசி, இது எனக்க போட்டுல்லா? நான் இப்பளும் கடல்லயா நிக்குதேன்?"

கிரேசி திரும்பிப் பார்த்தாள். 'கடல்தாரகை' என்ற பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி நடுக்கடலில் நின்றது. மரியான் அவள் முன்னால், எண்ணெய் வழிய, செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் இத்தனை நேரமும் ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மற்றதையெல்லாம் பார்த்தாள். கரையேறிவிட்ட போட்டுகள் எல்லாம் கடலில் நின்றன. ஒன்றும் அசையவில்லை.

அவள் கை தானாக அந்தோணியாரிடம் போனது. நகத்தால் கிளப்பி உரித்தாள். பெட்டி மறுபடி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெட்டிக்காக அவள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. டிங். வாசகம் மாறியிருந்தது. இந்தப் பழைய பதிப்பு இனி வேலை செய்யாது, படகுகளின் இடம் தெரியாது, சேதிகள் வராது, போகாது, உடனே புதுப்பிக்கவும். ஆங்கிலத்தில்தான் இருந்தது. கிரேசிக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷஹீருக்குப் போன் போட்டாள். "அக்கா, ஒண்ணும் யோசிக்காண்டாம், அமத்துங்க" என்றான்.

"எக்கா, அணைக்காதீங்க!" ரெனிஷா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடல்ல ஆளு கிடக்கும்போ அணைக்கப்படாதுண்ணு நீங்கதானே சொல்லுவிய? எனக்குப் பயமாட்டு இருக்கு எக்கா."

கிரேசிக்கும் பயம்தான். எது பொய், எது உண்மை என்று தெரிந்தபின்னும் பயம் போகவில்லை. அவள் மாதா படத்துக்குக் கீழே இருந்த மெழுகுதிரியை எடுத்துப் பற்றவைத்து ரெனிஷாவின் கையில் கொடுத்தாள்.

"இத அணையாம பிடிச்சுக்க மோளே. அங்கேயும் இங்கேயும் நடக்காத."

பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இப்போது என்பதை அமுக்கினாள்.

திரை கறுத்தது. பச்சைப் புள்ளிகள் எல்லாம் ஒரேயடியாகப் போயின. அப்புறம் நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, பக்கத்தில் எண் ஏறியது. முப்பதில் வந்து அப்படியே நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகக் கடல்காற்று வீசியது. ரெனிஷா சுவர் மூலையில் ஒடுங்கி, சுடரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். மெழுகு விரலில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. மரியான் போய் ஜன்னலைச் சாத்தினார். கிரேசி நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் கை வைத்துப் பார்த்தாள், சுட்டது, மறுபடி உட்கார்ந்தாள். "ஏறு சனியனே, ஏறு" என்று திட்டினாள். உடனே பயந்துபோய், "ஏறு மக்கா" என்று கெஞ்சினாள். எண் மெல்ல நகர்ந்தது.

ஒருவழியாகக் கடல் படம் விரிந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 'கடல்தாரகை' துறைமுகத்தில் இருந்தது. 'சகாயமாதா' ஆளில்லாத ஒரு சின்னத் தீவின் மறைவில் இருந்தது. கிரேசி மூச்சு விடுவதற்குள் டிங் என்றது. டிங், டிங், டிங். தேங்கிக் கிடந்த சேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாம் அனீஷ் அனுப்பியவை.

'காத்து பெலம். தீவு மறைவில நங்கூரம் போட்டாச்சு. எல்லாரும் சொகம்.'

'கிட்டுச்சா அம்மா? காத்து கரைக்கு வருதுண்ணு சொல்லுதினும். நீ சொகந்தானே?'

'ஏன் பதில் இல்ல? வீட்டில என்னமும் ஆச்சா?'

கடைசிச் சேதி அன்று காலையில் அனுப்பியது. 'பொறுக்க முடியல்ல. உச்சைக்குள்ள பதில் வரல்லைண்ணா நங்கூரம் எடுத்துட்டு வாறோம்.'

கிரேசி அதை வாசித்து முடிக்கவும் கோயிலில் நடுப்பகலின் உச்சை மணி அடிக்கத் தொடங்கவும் சரியாக இருந்தது.

"அடப் பாவி! இந்தக் காத்திலயா!" என்றார் மரியான். "ஏட்டி, வேகம் அடி!"

கிரேசி விசைப்பலகையை இழுத்தாள். இரண்டு நாளாக அவள் வாய் ஓயாமல் வா, வா என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது வராதே என்று அடிக்க வேண்டும். கண்ணீர் மறைத்தது, புறங்கையால் துடைத்துவிட்டு அடித்தாள். 'வராத மக்கா. நான் சொகம். அங்கேயே கிட.' அனுப்பினாள். போதாது என்று மறுபடியும் அடித்தாள். 'வராத.' இன்னொரு தடவை. 'வராத.'

மணி அடித்து ஓய்ந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'சகாயமாதா'வின் புள்ளி தீவை விட்டு ஒரு துளி விலகியிருந்தது. இத்தனை நேரமும் நகர்ந்ததா, நகர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்த ரெனிஷா இப்போது வாயைத் திறக்கவில்லை. கிரேசி அந்தப் புள்ளியை ஒற்றை விரலால் தொட்டு, தீவுப் பக்கமாகத் தள்ளுவதுபோல அழுத்திக்கொண்டு நின்றாள்.

டிங்.

'கிட்டியாச்சு. நங்கூரம் தூக்கியாச்சு. திரும்பப் போடுதோம் அம்மா.'

கிரேசி நாற்காலியில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். கரைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. மரியான் தலையைத் திருப்பிக்கொண்டார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் மூக்கைச் சிந்திவிட்டு மைக்கை இழுத்துப் போட்டு, 'சகாயமாதா'வில் எல்லாரும் சுகம் என்று ஊருக்குச் சொன்னாள். குரல் உடைந்துதான் வந்தது.

"எக்கா, இனி இத அணைக்கட்டா?" என்று ரெனிஷா கேட்டாள். மெழுகுதிரி அவள் கையில் விரல் நீளத்துக்கு உருகியிருந்தது.

"அவனுவ வரட்டும் மோளே" என்றாள் கிரேசி.